வட்டச் சாளரம்: விளிம்பு பல் பல்லாகத் தெரிகிறது, பொத்தான்கள் வெட்டுப்படுகின்றன

மணித்துளி எழுதியது:

வணக்கம். வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் மாறி மாறி எண்ணிக் காட்டும் சிறிய நேரங்காட்டி ஒன்றை எழுதி வருகிறேன். பைதான், பைசைட் 6 (க்யூடி வரைகலை இடைமுக நூலகத்தின் பைதான் வடிவம்). அது திரையின் ஓரத்தில் வட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். செவ்வகப் பெட்டியாக வேண்டுமென்றால் அந்த வேலையைச் செய்யும் நிரல்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. விட்டம் 320 பிக்சல். நடுவில் மீதி நேரம், அதற்கு மேலே பணியின் பெயர், கீழே தொடங்கு, நிறுத்து, மீட்டமை என்று மூன்று பொத்தான்கள்.

ஃபிரேம்லெஸ்விண்டோஹின்ட் கொடியால் சட்டகத்தை நீக்கிவிட்டு, நீள்வட்ட க்யூரீஜியன் (பரப்பு வரையறை) ஒன்றை, சாளரத்தை அந்த வடிவில் வெட்டும் செட்மாஸ்க்குக்குக் கொடுத்திருக்கிறேன். வடிவம் வந்துவிட்டது. ஆனால் விளிம்பு முழுவதும் பல் பல்லாக உடைந்து தெரிகிறது. பெயின்டரில் ஆன்டிஅலியாசிங்கை (விளிம்பை மென்மையாக்கும் வசதி) இயக்கிப் பார்த்தும் எந்த மாற்றமும் இல்லை. 200 விழுக்காடு அளவில் இயங்கும் திரையில் இன்னும் மோசம்.

சாளரத்தை இழுத்து நகர்த்துவதற்கு மவுஸ் நகர்வு நிகழ்வில் மூவ் அழைப்பை எழுதியிருக்கிறேன். விண்டோஸில் நன்றாக வேலை செய்கிறது. லினக்ஸின் புதிய சாளர நெறிமுறையான வேலண்ட் அமர்வில் இம்மியும் அசையவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை.

மூன்றாவது சிக்கல்தான் என்னை அதிகம் வாட்டுகிறது. உள்ளே உறுப்புகளை மேலிருந்து கீழாக அடுக்கும் க்யூவிபாக்ஸ்லேஅவுட், அதன் கடைசி வரிசையில் பொத்தான்களுக்கு இடம் வலமாக அடுக்கும் க்யூஎச்பாக்ஸ்லேஅவுட். இடது வலது பொத்தான்களின் வெளிப்பாதி வட்டத்தால் வெட்டுப்படுகிறது. ஓரத்தில் குத்துமதிப்பாக இடைவெளி விட்டால் என் கணினியில் சரியாகிறது. எழுத்துருவைப் பெரிதாக்கினால் மறுபடியும் வெட்டு. வட்டத்துக்குள் லேஅவுட் அமைக்க முறையான வழி இருக்கிறதா?

---

நுண்புள்ளி எழுதியது:

மணித்துளி, இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. சாளரத்தின் வடிவம் என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனிச் செய்திகள் அடங்கியிருக்கின்றன: கண்ணுக்குத் தெரியும் பகுதி, மவுஸ் அழுத்தத்தை ஏற்கும் பகுதி, இயங்குதளம் தன் கணக்கில் வைத்திருக்கும் செவ்வகம். செட்மாஸ்க் முதல் இரண்டையும் ஒரே கோட்டில் வெட்டுகிறது. மூன்றாவதைத் தொடுவதே இல்லை. லேஅவுட்டோ அந்த மூன்றாவதை மட்டுமே பார்க்கிறது. இவற்றைப் பிரித்துக் கையாண்டால் எல்லாம் ஒழுங்குக்கு வரும்.

முதலில் விளிம்பு. மாஸ்க் என்பது ஒரு பிக்சல் இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே சொல்லக்கூடியது. பாதி இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. விண்டோஸில் இது செட்விண்டோஆர்ஜிஎன் அழைப்பாக மாறுகிறது. லினக்ஸின் பழைய சாளர முறையான எக்ஸ்11-இல் ஷேப் நீட்சியாக மாறுகிறது. ஷேப் 1989-இல் வந்தது; மவுஸைப் பின்தொடரும் கண்களான எக்ஸ்ஐஸும் ஓகிளாக் என்னும் வட்டக் கடிகாரமும் அதைக் கொண்டுதான் வட்டமாயின. அந்தக் காலத் திரைகளுக்கு அது அருமையான தீர்வு. பெயின்டர் எவ்வளவு மென்மையாக வரைந்தாலும், வரைந்து முடித்த பிறகு மாஸ்க் கத்தரித்துவிடுகிறது; அதனால்தான் ஆன்டிஅலியாசிங் பலன் தரவில்லை. 200 விழுக்காட்டில் ஏன் மோசமாகிறது என்றால், ரீஜியன் தருக்க அலகில் முழு எண்களால் ஆனது. க்யூடி அதை இரண்டு மடங்காக்கி இயங்குதளத்துக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு படியும் இரண்டு பிக்சல் ஆகிவிடுகிறது.

மென்மையான விளிம்பு வேண்டுமென்றால் வெட்டக் கூடாது, ஊடுருவித் தெரியும்படி வரைய வேண்டும். சாளரம் செவ்வகமாகவே இருக்கட்டும்; ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆல்ஃபா மதிப்பு (ஒளிபுகாமையின் அளவு) இருக்கட்டும்; வட்டத்துக்கு வெளியே ஆல்ஃபா பூஜ்யம், விளிம்பில் இடைப்பட்ட மதிப்பு. விண்டோஸ் 2000-இல் வந்த லேயர்டு சாளரங்கள் இதற்காகவே உள்ளவை. எக்ஸ்11-இல் 32 பிட் விஷுவலும் (ஆல்ஃபாவுக்கும் இடமுள்ள பிக்சல் வடிவம்) ஒரு காம்போசிட்டரும் (சாளரங்களைக் கலந்து திரையில் காட்டும் நிரல்) வேண்டும். காம்போசிட்டர் இயங்கவில்லையென்றால் வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு மூலைகள் தெரியும். வேலண்டில் காம்போசிட்டர் இல்லாத நிலையே கிடையாது.

க்யூடியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சட்டகத்தை நீக்கும் கொடி அப்படியே இருக்கட்டும். விண்டோஸில் அது இல்லாமல் ஊடுருவும் பின்னணி வேலை செய்யாது. சாளரத்தைக் காட்டுவதற்கு முன்பே டபிள்யூஏ டிரான்ஸ்லூசன்ட்பேக்கிரவுண்ட் பண்பை இயக்குங்கள். பெயின்ட் நிகழ்வில் ஆன்டிஅலியாசிங்கை இயக்கி, பேனா எதுவும் இல்லாமல், க்யூரெக்ட்எஃப் (பின்ன அளவுகளை ஏற்கும் செவ்வகம்) கொண்டு வட்டத்தை நிரப்புங்கள். க்யூரெக்ட் வேண்டாம். நான்கு பக்கமும் ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வரையுங்கள், இல்லையென்றால் மேல், கீழ், இடது, வலது உச்சிகள் தட்டையாகத் தெரியும்.

அடுத்தது மவுஸ். இங்கேதான் இயங்குதளங்கள் பிரிகின்றன. விண்டோஸில் க்யூடியின் வழக்கமான ராஸ்டர் வரைவுக்கு, ஆல்ஃபா பூஜ்யமான பிக்சலில் விழும் அழுத்தம் தானாகவே பின்னால் உள்ள சாளரத்துக்குப் போய்விடும். மேக் இயங்குதளத்திலும் பொதுவாக அப்படியே. எக்ஸ்11-இலும் வேலண்டிலும் அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியாத நான்கு மூலைகளும் அழுத்தங்களை விழுங்கும். பயனர் பின்னால் உள்ள கோப்பைத் தொடப் பார்ப்பார், ஒன்றும் நடக்காது, ஏன் என்றும் அவருக்குத் தெரியாது. ஒரு நிரல் பயனருக்கு இழைக்கக்கூடிய மிகச் சிறிய, மிக எரிச்சலான அநீதி இது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

தீர்வு எளிது. செட்மாஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். வரைந்த வட்டத்தைவிட இரண்டு பிக்சல் பெரிய வட்டத்தை மாஸ்க்காகக் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்பை ஆல்ஃபா பார்த்துக்கொள்ளும். மாஸ்க்கின் உடைந்த விளிம்பு முழுக்க ஊடுருவும் பிக்சல்களில் விழுவதால் யாருக்கும் தெரியாது. மூலைகள் மவுஸை விட்டுவிடும். ரீசைஸ் நிகழ்வில் மாஸ்க்கை மறுபடி கணக்கிட மறக்க வேண்டாம்.

நகர்த்துவது: வேலண்டில் ஒரு நிரலுக்குத் தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, தன்னை நகர்த்திக்கொள்ளும் உரிமையும் கிடையாது. ஆகவே உங்கள் மூவ் அழைப்பு பேசாமல் புறக்கணிக்கப்படுகிறது. க்யூடி 5.15 பதிப்பிலிருந்து க்யூவிண்டோவில் ஸ்டார்ட்சிஸ்டம்மூவ் இருக்கிறது. மவுஸ் அழுத்த நிகழ்விலேயே விண்டோஹேண்டிலைப் பிடித்து அதை அழையுங்கள்; மற்றதை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். அழுத்த நிகழ்விலேயே என்று வலியுறுத்தக் காரணம் இருக்கிறது: வேலண்டில் நகர்த்தும் கோரிக்கையோடு, அதைத் தூண்டிய உள்ளீட்டு நிகழ்வின் வரிசை எண்ணும் போக வேண்டும். விண்டோஸிலும் இதையே பயன்படுத்துங்கள். நீங்களே கைப்பட நகர்த்தும்போது, வெவ்வேறு அளவீடு கொண்ட திரைகளுக்கு இடையே சாளரம் துள்ளிக் குதிக்கும். இயங்குதளம் நகர்த்தினால் அது நேராது.

ஒரு எச்சரிக்கை. திரை ஓரத்தில் தானாகப் போய் நிற்பது, எப்போதும் மேலேயே இருப்பது ஆகிய இரண்டையும் வேலண்டின் சாதாரணச் சாளரம் கேட்டுப் பெற முடியாது. வேலண்டின் நீட்சியான லேயர் ஷெல் நெறிமுறை அதைத் தரும், ஆனால் நோம் மேசைத்தளம் அதை ஏற்பதில்லை. உங்களுக்கு அது கட்டாயம் தேவையென்றால், க்யூடியின் பிளாட்ஃபார்ம் சூழல் மாறியில் எக்ஸ்சிபி என்று கொடுத்து எக்ஸ்வேலண்ட் (வேலண்டுக்குள் எக்ஸ்11 நிரல்களை இயக்கும் அடுக்கு) வழியாக இயக்குவதே நடைமுறைக்கு உகந்தது.

லேஅவுட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அது இதைவிடச் சுவையான விஷயம்.

---

சட்டகம் எழுதியது:

நுண்புள்ளி சொன்ன வழி சரியானது. ஆனால் இந்த இழையைப் படிக்க வரும் மற்றவர்களுக்காக ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நேரங்காட்டி போன்ற சிறு பொருளுக்கு வட்டம் பொருந்தும். உங்கள் சாளரம் அடிப்படையில் செவ்வகம்தான், மூலையை மட்டும் வளைக்க வேண்டும் அல்லது தலைப்புப் பட்டையை நீங்களே வரைய வேண்டும் என்றால் இந்த வழிக்கு வர வேண்டாம். சட்டகத்தை நீக்கிய கணத்தில் இயங்குதளம் இலவசமாகத் தந்த பலவற்றை இழக்கிறீர்கள்: நிழல், ஓரம் பிடித்து அளவு மாற்றுவது, திரையின் பாதியில் ஒட்டவைப்பது, விசைப்பலகையால் நகர்த்துவது. பிறகு ஒவ்வொன்றையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 11-இல் வளைந்த மூலை வேண்டுமென்றால் டிடபிள்யூஎம் (விண்டோஸின் சாளர மேலாளர்) பண்பு எண் 33-க்கு மதிப்பு 2 கொடுத்தால் போதும். இயங்குதளமே 8 பிக்சல் ஆரத்தில் வளைத்துத் தரும், நிழலும் பொருந்தி வரும். ரீஜியனோ பிக்சல்வாரி ஆல்ஃபாவோ பயன்படுத்திய சாளரத்துக்கு இந்த வளைவு கிடைக்காது. நீங்கள் வெளிப்படையாகக் கேட்டாலும் கிடைக்காது. இரண்டு வழிகளையும் கலந்துவிட்டு, பண்பு வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

தலைப்புப் பட்டையை நீங்களே வரைய வேண்டுமானால் சட்டகத்தை நீக்காமல் மறைக்கலாம். டபிள்யூஎம்_என்சிகால்க்சைஸ் செய்திக்குப் பூஜ்யம் திருப்பினால் சாளரம் முழுவதும் உங்கள் வரைபரப்பாகிவிடும். டபிள்யூஎம்_என்சிஹிட்டெஸ்ட் செய்தி வரும்போது, இந்த இடம் தலைப்புப் பட்டை, இது ஓரம், இது பெரிதாக்கும் பொத்தான் என்று நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பெரிதாக்கும் பொத்தானுக்கு எச்டிமேக்ஸ்பட்டன் என்று திருப்பினால்தான் விண்டோஸ் 11-இன் ஒட்டுத்தளப் பலகை (ஸ்னாப் லேஅவுட்) அங்கே விரியும். மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் இடைமுக நூலகத்தில் இதையெல்லாம் விண்டோகுரோம் வகுப்பு செய்து தருகிறது; .நெட் 4.5 முதல் உடன் வருகிறது. அங்கேயும் சாளரத்தை ஊடுருவச் செய்யும் அலவ்ஸ்டிரான்ஸ்பரன்சியைக் கடைசி வழியாகவே கருதுங்கள். அதை இயக்கிய சாளரத்துக்குள் வெப்பிரவுசர் போன்ற பழைய சாளரக் கூறுகளை வைத்தால் அவை தெரியவே தெரியாது.

விண்ஃபார்ம்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: டிரான்ஸ்பரன்சிகீ (ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் ஊடுருவச் செய்யும் பண்பு) கொண்டு வட்டம் செய்யாதீர்கள். மென்மையான விளிம்பு வரைந்தால், சாவி நிறம் கலந்த பிக்சல்கள் நீங்காமல் வட்டத்தைச் சுற்றி ஒரு நிறக்கரை நிற்கும்.

மணித்துளி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தலைப்புப் பட்டை இல்லையென்றாலும் சாளரத் தலைப்பைக் கட்டாயம் அமையுங்கள். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கிறது. பொத்தான்கள் படவுருக்களாக மட்டும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் செட்ஆக்ஸசிபிள்நேம் கொடுங்கள். டேப் விசையால் பொத்தான்களுக்கு இடையே நகரும்போது வரும் குவியக் கோடு வட்டத்துக்கு உள்ளேயே விழுகிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்ட குவியக் கோடு, பொத்தான் வெட்டுப்படுவதற்குச் சற்றும் குறைந்த பிழையன்று. மூடுவதற்கு விசைப்பலகை வழி ஒன்றும் வேண்டும்.

---

மணித்துளி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஊடுருவும் பின்னணியும் இரண்டு பிக்சல் பெரிய மாஸ்க்கும் சேர்ந்து விளிம்பைப் பளிங்காக்கிவிட்டன. எக்ஸ்11-இல் மூலைகளைச் சோதித்தேன், பின்னால் உள்ள சாளரத்துக்கு அழுத்தம் போகிறது. ஸ்டார்ட்சிஸ்டம்மூவ் வேலண்டிலும் இழுக்கிறது. சட்டகம் சொன்ன தலைப்பும் பெயர்களும் சேர்த்துவிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை: அழுத்தியவுடன் நகர்வு தொடங்கிவிடுவதால், பணியின் பெயரை இருமுறை அழுத்தித் திருத்தும் வசதி வேலை செய்யவில்லை.

லேஅவுட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

---

நுண்புள்ளி எழுதியது:

இருமுறை அழுத்தத்துக்கு: அழுத்த நிகழ்வில் இடத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நகர்வு நிகழ்வில், ஸ்டார்ட்டிராக்டிஸ்டன்ஸ் சொல்லும் தொலைவைத் தாண்டிய பிறகு ஸ்டார்ட்சிஸ்டம்மூவை அழையுங்கள். பொத்தான் இன்னும் அழுந்தியே இருப்பதால் அந்த அழுத்தத்தின் வரிசை எண் செல்லும். முன்பு அழுத்த நிகழ்விலேயே என்று சொன்னதன் நோக்கம், விரல் எடுத்த பிறகோ ஒரு டைமரிலிருந்தோ அழைத்தால் மறுக்கப்படும் என்பதே.

இனி லேஅவுட். க்யூவிபாக்ஸ்லேஅவுட் தனக்குக் கிடைத்த செவ்வகத்தைப் பட்டைகளாகப் பங்கிடுகிறது. அந்தச் செவ்வகத்துக்குள் வட்டம் இருப்பது அதற்குத் தெரியாது, தெரிவிக்க ஒரு வழியும் கிடையாது. மிக எளிய வழி, வட்டத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய சதுரத்தை மட்டும் லேஅவுட்டுக்குக் கொடுப்பது. அதன் பக்கம் விட்டத்தில் 0.707 பங்கு. 320 விட்டத்துக்கு ஏறத்தாழ 226. அதாவது நான்கு பக்கமும் 47 பிக்சல் இடைவெளி. விட்டத்தை 0.1465-ஆல் பெருக்கி செட்கன்டென்ட்ஸ்மார்ஜின்ஸுக்கு ரீசைஸ் நிகழ்வில் கொடுத்தால் எதுவும் ஒருபோதும் வெட்டுப்படாது. அவசரத்துக்கு இது போதும். ஆனால் வட்டத்தின் பரப்பில் 64 விழுக்காடுதான் பயன்படும். வட்டத்தின் அகலமான இடை வீணாகும். வட்டத்தில் சதுரத்தை ஒளித்து வைத்தது போலவே தெரியும். உங்கள் கடிகாரம் அதைவிட நல்லதற்குத் தகுதியானது.

முறையான வழி, க்யூலேஅவுட்டிலிருந்து உங்கள் வகுப்பைப் பிறப்பிப்பது. ஆட்ஐட்டம், கவுன்ட், ஐட்டம்அட், டேக்அட், சைஸ்ஹின்ட், மினிமம்சைஸ், செட்ஜியோமெட்ரி ஆகியவற்றை எழுதினால் போதும். பைதானில் உறுப்புகளை உங்கள் சொந்தப் பட்டியலில் வைத்திருங்கள், இல்லையென்றால் குப்பைத் திரட்டி அவற்றைக் கொண்டுபோய்விடும்.

கணக்கு பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான். வட்டத்தின் மையத்திலிருந்து மேலோ கீழோ ஒரு தொலைவில் கிடைக்கும் அகலம் என்ன? ஆரத்தின் வர்க்கத்திலிருந்து அந்தத் தொலைவின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். ஒரு வரிசைக்கு மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்று இரண்டு தொலைவுகள் இருக்கும். மையத்திலிருந்து எது அதிகத் தொலைவோ அதைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் மூலை முட்டுவது அங்கேதான். வரிசையின் நடுக்கோட்டை வைத்துக் கணக்கிட்டால் பொத்தானின் வெளிமூலை மட்டும் வெட்டுப்படும்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். பொத்தான் ஒவ்வொன்றும் 80 அகலம், இடையில் 8 இடைவெளி என்று வைத்துக்கொண்டால் வரிசையின் அகலம் 256. பாதி 128. ஆரம் 160. அப்படியானால் வரிசையின் கீழ் விளிம்பு மையத்திலிருந்து 96 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது. அதுவும் பொத்தானின் மூலை வட்டக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலை. கண்ணுக்கு இதமாக 12 பிக்சல் உள்ளோரம் விட்டால் ஆரம் 148 ஆகிறது, கீழ் விளிம்பு 74-க்கு மேலேயே நின்றாக வேண்டும். 32 உயரமுள்ள பொத்தான் என்றால் 42-இல் தொடங்கி 74-இல் முடியும். நடுவில் உள்ள நேர எண்களின் உயரம் 72 என்றால் அவை மையத்துக்குக் கீழே 36 வரை வரும். மீதம் 6 பிக்சல். இருக்கிறது, ஆனால் நெருக்கடி. குத்துமதிப்பு இடைவெளி உங்கள் கணினியில் மட்டும் சரிப்பட்டதன் காரணம் இந்த 6 பிக்சல்தான் என்று நினைக்கிறேன்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மினிமம்சைஸ் (குறைந்தபட்ச அளவு) கிடைக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் பாதி அகலத்தின் வர்க்கத்தையும் தூர விளிம்பின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். அது அந்த வரிசைக்குத் தேவையான ஆரம். எல்லா வரிசைகளிலும் பெரியதை எடுத்து, உள்ளோரத்தைச் சேர்த்து, இரண்டால் பெருக்குங்கள். எழுத்துரு பெரிதானால் பொத்தானின் சைஸ்ஹின்ட் (அது விரும்பும் அளவு) மாறும், விட்ஜெட் அப்டேட்ஜியோமெட்ரியை அழைக்கும், உங்கள் லேஅவுட்டின் இன்வாலிடேட் ஓடும், புதிய ஆரம் வரும், வட்டம் வளரும். சேமித்து வைத்த அளவுகள் இருந்தால் இன்வாலிடேட்டில் அவற்றைத் துடைத்துவிடுங்கள். குத்துமதிப்புக்கு அங்கே இடமே இல்லை.

இரண்டு நுணுக்கங்கள். பணியின் பெயர் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது. அதன் முழு அகலத்தையும் மினிமம்சைஸில் சேர்த்தால் ஒரு நீண்ட பெயர் வட்டத்தைத் திரை முழுக்க ஊதிவிடும். அந்த ஒரு வரிசையை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து விலக்கி, கிடைக்கும் அகலத்துக்கு ஏற்ப எலைடட்டெக்ஸ்ட் கொண்டு சுருக்குங்கள். முழுப்பெயர் டூல்டிப்பில் இருக்கட்டும். அடுத்தது, மேல்நிலைச் சாளரத்தின் அகல உயர விகிதத்தை க்யூடி கட்டிக்காப்பதில்லை. ஹைட்ஃபார்விட்த் அதற்கு உதவாது. அகலம், உயரம் இரண்டில் சிறியதையே விட்டமாக எடுத்து மையத்தில் வரையுங்கள். லேஅவுட்டும் மாஸ்க்கும் அதே விட்டத்தைப் பார்க்கட்டும். விட்டத்தைக் கணக்கிடும் செயற்கூறு நிரலில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், மூவரும் அதையே கேட்க வேண்டும். மூன்று இடங்களில் தனித்தனியாகக் கணக்கிட்டால் ஒரு பிக்சல் வேறுபாட்டில் மாஸ்க் விளிம்பு மறுபடி தலைகாட்டும்.

வடிவமைப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வட்டத்தின் செல்வம் அதன் நடுவில் இருக்கிறது. அகலமான வரிசையைக் கீழே தள்ளிவிட்டு, குறுகலான நேரத்தை நடுவில் வைத்திருக்கிறீர்கள். தொடங்கு, நிறுத்து இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. அவற்றை ஒரே பொத்தானாக்கலாம். மீட்டமைப்பை வலது அழுத்தப் பட்டியலிலும் ஒரு விசையிலும் வைக்கலாம். அப்போது கீழே 80 அகலமுள்ள ஒரே பொத்தான். பாதி 40, உள்ளோரம் போக 148 ஆரத்தில் அது 142 வரை கீழே இறங்கலாம். மூச்சுவிட நிறைய இடம் கிடைக்கும், நேர எண்களை இன்னும் பெரிதாக்கலாம்.

---

ஸ்விங்தளம் எழுதியது:

ஜாவாவிலும் இதே கதைதான் என்பதைப் பதிவு செய்கிறேன். ஜாவா 7-இல் செட்ஷேப் வந்தது. முதலில் செட்அன்டெகரேட்டட் கொடுக்க வேண்டும். சட்டகம் உள்ள ஜேஃபிரேமில் செட்ஷேப்பை அழைத்தால் விதிவிலக்கு எறியப்படும். அந்த விளிம்பும் உடைந்தே தெரியும். பின்னணி நிறத்தின் ஆல்ஃபாவைப் பூஜ்யமாக்கி, மென்மையான வட்டத்தை நீங்களே வரைவதுதான் அங்கும் தீர்வு. அதற்கு முன் கிராஃபிக்ஸ்டிவைஸிடம் பிக்சல்வாரி ஊடுருவல் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நுண்புள்ளி சொன்ன வரிசைக் கணக்கை லேஅவுட்மேனேஜரின் லேஅவுட்கன்டெய்னர் செயற்கூறில் அப்படியே எழுதலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பொத்தான்களும் வட்டமாக இருந்தால் கன்டெய்ன்ஸ் செயற்கூறையும் மாற்றி எழுதுங்கள், அப்போதுதான் பொத்தானின் மூலையில் விழும் அழுத்தம் எண்ணப்படாது.

---

மணித்துளி எழுதியது:

நுண்புள்ளி, லேஅவுட் வகுப்பை எழுதிவிட்டேன். எழுத்துருவைப் பெரிதாக்கினால் வட்டம் தானாக வளர்கிறது. ஒரு பொத்தானும் வெட்டுப்படவில்லை. தொடங்கு, நிறுத்து இரண்டையும் ஒன்றாக்கியதும் நேரம் தூரத்திலிருந்தே தெளிவாகத் தெரிகிறது. மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்று. வெள்ளைப் பின்னணியில் வட்டம் கரைந்துபோகிறது, மெல்லிய நிழல் வேண்டும். நிழல் வரைந்தால் மாஸ்க் அதை வெட்டுகிறது. மாஸ்க்கைப் பெரிதாக்கினால் நிழலின் மேல் விழும் அழுத்தங்களை என் சாளரம் விழுங்குகிறது.

---

நுண்புள்ளி எழுதியது:

தெரியும் பகுதியும் மவுஸ் பகுதியும் உண்மையிலேயே வேறாக வேண்டிய இடம் இது. மாஸ்க்கால் இங்கே முடியாது.

வேலண்டில் உள்ளீட்டுப் பகுதியைத் தனியாக அமைக்கலாம். நெறிமுறையிலேயே அது இருக்கிறது. நிழலைக் கணக்கில் சேர்க்காத சாளர அளவு இது என்று காம்போசிட்டருக்குச் சொல்லவும் வழி உண்டு. எக்ஸ்11-இலும் ஷேப் நீட்சியின் 1.1 பதிப்பில் உள்ளீட்டுக்கென்று தனி வடிவம் இருக்கிறது. எக்ஸ்சிபி நூலகம் வழியாக அழைக்க வேண்டும். விண்டோஸில்தான் நேர்வழி இல்லை. ஆல்ஃபா 1 இருந்தாலே அந்தப் பிக்சல் மவுஸைப் பிடித்துக்கொள்ளும். எச்டிடிரான்ஸ்பரன்ட் என்று பதில் சொல்லலாமே என்று தோன்றும். அது ஒரே திரெட்டைச் சேர்ந்த சாளரங்களுக்கு இடையே மட்டும்தான் செல்லும், அடுத்த நிரலுக்கு அழுத்தத்தைக் கடத்தாது. அங்கே நிழலுக்கென்று விண்டோடிரான்ஸ்பரன்ட்ஃபார்இன்புட் கொடியுடன் இரண்டாவது சாளரம் ஒன்றைப் பின்னால் வைத்து, முதல் சாளரம் நகரும்போதெல்லாம் கூடவே நகர்த்துகிறார்கள். வேலை செய்யும், ஆனால் வேகமாக இழுத்தால் நிழல் ஒரு கணம் பின்தங்கும்.

உங்கள் தேவைக்கு இவ்வளவு வேண்டாம். நிழலை 6 பிக்சலுக்குள் வைத்து, மாஸ்க்கை அதையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுங்கள். 6 பிக்சல் வளையத்தில் விழும் அழுத்தத்தைப் பயனர் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டதாகவே எண்ணுவார். இழுத்து நகர்த்தவும் அது உதவும். நிழலுக்கு க்யூகிராஃபிக்ஸ்டிராப்ஷேடோஎஃபெக்ட் வேண்டாம். ஒவ்வொரு நொடியும் எண் மாறும்போது முழுச் சாளரத்தையும் மறுபடி மங்கலாக்கிக்கொண்டிருக்கும். வட்டத்தின் நிழலுக்கு க்யூரேடியல்கிரேடியன்ட் ஒன்று போதும். ஒருமுறை க்யூபிக்ஸ்மாப்பில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்; அளவு மாறும்போதும் திரை மாறும்போதும் மட்டும் மறுபடி வரையுங்கள். பிக்ஸ்மாப்புக்குத் திரையின் டிவைஸ்பிக்சல்ரேஷியோவைக் கொடுக்க மறந்தால் 200 விழுக்காட்டுத் திரையில் நிழலின் உள்விளிம்பு மங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டம் கணக்கிடும் அந்த ஒரே செயற்கூறில் இனி நிழலின் 6 பிக்சலையும் இரு பக்கமும் கழிக்க வேண்டும்.